பெட்ரோல் ஜீப்புக்கு டீசல் எஞ்சின் போடலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கம் மிளகுத் தோட்டம். தாத்தா ஓட்டிய 1974 மாடல் மகிந்திரா சிஜே 3பி ஜீப், பெட்ரோல். நான்கு வருஷம் கொட்டகையில் நின்றதில் எஞ்சின் ஜாம். ஒரு மெக்கானிக் பெட்ரோல் எஞ்சினையே வேலை செய்யலாம் என்கிறார். இன்னொருவர் மகிந்திராவின் எம்டிஐ டீசல் எஞ்சினைத் தூக்கிப் போடு என்கிறார். மூன்றாமவர் ஸ்கார்பியோ எஞ்சின் போட்டால் மலையில் பறக்கும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மூன்று பேரில் ஒருவரும் ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. அதைப் பார்க்காமல் எஞ்சினை மாற்று என்பது நாடி பிடிக்காமலே மருந்து எழுதுவது போல. நாமக்கல்லில் லாரி எஞ்சின்களோடு முப்பது வருஷம் கழித்தவன் நான். ஜீப் என் சொந்தப் பைத்தியம். பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடம்பில், வெடிப்பு இல்லையென்றால் பெட்ரோல் எஞ்சினையே வேலை செய்யுங்கள் என்பதுதான் என் முடிவு. பிளாக் போய்விட்டிருந்தால், ஆர்.டி.ஓ. ஒப்புக்கொண்டால் மட்டும், எம்டிஐ. ஸ்கார்பியோ எஞ்சினை மறந்துவிடுங்கள். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

இந்த ஊரில் பெட்ரோல் ஜீப் என்றாலே "டீசல் போடுப்பா" என்று சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இழுவைக்காக வந்ததில்லை, டீசல் விலைக்காக வந்தது. ஒரு காலத்தில் டீசல் பெட்ரோலைவிட மிக மலிவு. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், 2014 அக்டோபரில் டீசலுக்கும் எடுத்தார்கள். இன்று தமிழ்நாட்டில் இரண்டுக்கும் லிட்டருக்குப் பத்து ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். தோட்டத்துக்குள்ளும் சந்தைக்கும் சேர்த்து வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். மலையில் பெட்ரோல் ஜீப் லிட்டருக்கு 7 கொடுக்கும், டீசல் 11 கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 430 லிட்டர், டீசல் 273 லிட்டர். பெட்ரோலை 100 ரூபாய், டீசலை 92 ரூபாய் என்று போட்டால் வருஷத்துக்கு மிச்சம் ஏறக்குறைய 18,000 ரூபாய். மூன்று மெக்கானிக்குகளிடமும் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். டீசல் போடும் செலவுக்கும் பெட்ரோல் எஞ்சின் வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை 18,000ஆல் வகுத்தால் எத்தனை வருஷத்தில் காசு திரும்பும் என்று தெரியும். தினமும் நூறு கிலோமீட்டர் ஆள் ஏற்றி ஓட்டும் ஜீப்பாக இருந்தால் கணக்கு வேறு மாதிரி வரும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது இழுவை. உங்கள் பானெட்டுக்குள் இருப்பது ஹரிக்கேன் எஃப்-134. 134 கன அங்குலம், நம் கணக்கில் 2199 சிசி. இரண்டாம் உலகப்போர் ஜீப்பில் இருந்த கோ-டெவில் எஞ்சினின் தம்பி. வில்லிஸ் கம்பெனியில் பார்னி ரூஸ் என்ற எஞ்சினியரின் காலத்து வேலை. போர்க்கால எஞ்சினில் இரண்டு வால்வும் பிளாக்கிலேயே இருந்தன. இதில் காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வை மட்டும் ஹெட்டுக்கு ஏற்றிவிட்டு, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட்டைப் பிளாக்கிலேயே விட்டார்கள். 60 குதிரைத்திறன் 75 ஆனது. எஞ்சின் உயரமானதால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. சிஜே 3பி நெற்றி ஏறின முகத்தோடு நிற்பதற்குக் காரணம் அதுதான். அந்த உயரமான பானெட்தான் பின்னாளில் கண்ட கண்ட டீசலை எல்லாம் உள்ளே திணிக்க இடம் கொடுத்தது என்பது வேறு கதை.

ஹரிக்கேனின் டார்க், அதாவது முறுக்கு விசை, 2000 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 2000 சுற்றில்) 114 அடி-பவுண்டு, நம் கணக்கில் 15.8 கிலோகிராம்-மீட்டர். எண்பதுகளில் மகிந்திரா எம்எம் 540இல் வந்த பூஜோ எக்ஸ்டிபி 4.90 டீசலுக்கு, 2112 சிசி, சுமார் 12தான். ஹரிக்கேனின் எண் அமெரிக்கக் கணக்கு, ஃபேன், சைலென்சர் எதுவும் பூட்டாமல் அளந்தது, அதனால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். அப்படியும் பெட்ரோல் தோற்கவில்லை. டீசல் இழுக்கிற மாதிரி தெரிவதற்குக் காரணம் அதன் கவர்னர். ஐடிலில் சுமை ஏறினால் தானாகவே டீசலைக் கூட்டிக்கொண்டு அணையாமல் நகரும். பெட்ரோலில் அந்த வேலையை உங்கள் வலது கால் செய்ய வேண்டும். தாத்தா அப்படித்தான் செய்தார்.

அதைவிடப் பெரிய விஷயம் கிரவுன் பினியன், ஆக்சிலுக்குள் வீலைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி. சிஜே 3பியில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8. ரேஷியோ 5.38. 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் ஓடும். சந்தேகமென்றால் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, தரையிலும் ஒரு கோடு போட்டு, ஒரு சுற்று தள்ளி டேப்பால் அளந்துகொள்ளுங்கள். ஹரிக்கேன் 4000 ஆர்பிஎம் போகும். டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று என்பதால் வீல் நிமிஷத்துக்கு 743 சுற்று, மணிக்கு 98 கிலோமீட்டர். எம்டிஐ 3200 என்ற பெயரில் இருக்கும் 3200 அதன் ஆர்பிஎம். அதே கணக்கில் 78 கிலோமீட்டர். அதுவும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. சாதாரணமாக 2500இல் ஓட்டினால் 61. காரவல்லியில் இறங்கிச் சேந்தமங்கலம் வழியாக நாமக்கல் வருவதற்குள் பின்னால் வரும் மினி பஸ் உங்களைத் திட்டித் தீர்த்துவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் ஜீப்பும் பெட்ரோல் சிஜே 3பிதான். ஊரோடு ஒத்துப்போய் அதில் ஒரு டீசலை நானே இறக்கினேன். எஞ்சின் உட்கார்ந்தது, ஸ்டார்ட் ஆனது, பட்டறையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் சேலம் ரோட்டில் அறுபதைத் தாண்டினால் ஸ்டீரிங்கைப் பிடித்த கை மரத்துப்போகிற அளவுக்கு நடுக்கம். அடுத்த வாரம் ஒரு ஓடையில் இறங்கி ஏறும்போது முன் ஆக்சில் மேலே வந்து எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் சம்பில் இடித்தது. நின்ற இடத்தில் அளந்தபோது இரண்டு விரல் இடைவெளி இருந்தது. ஸ்பிரிங் பட்டை அமுங்கினால் எவ்வளவு மிஞ்சும் என்று நான் பார்க்கவே இல்லை. ஓடைத் தண்ணீரில் ஆயில் மிதந்ததைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, உங்கள் எஞ்சினுக்கு வருவோம்.

ஜாம் என்றால் உடனே சுத்தியலை எடுக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஊற்றி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பிறகு முன்னால் கைப்பிடியைப் போட்டு முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். உங்கள் ஜீப்பில் ஹேண்டில் ஓட்டை இருக்கும், அது ஒரு வரம். நகரவில்லையென்றால் இன்னும் ஒரு வாரம். வண்டியை டாப் கியரில் போட்டு டிராக்டரால் இழுத்து விடுவிக்கிறேன் என்று எவராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். துருப்பிடித்த ரிங் உடைந்தால் பிஸ்டன் போகும், கனெக்டிங் ராடு வளைந்தால் கிராங்கும் சேர்ந்து போகும்.

சுழன்றாலும் சரி, சுழலாவிட்டாலும் சரி, அடுத்தது ஹெட். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஹரிக்கேனின் ஹெட் போல்ட்டுகளில் ஒன்று வெளியே தெரியாது. கார்புரேட்டரைக் கழற்றி, அது உட்கார்ந்திருக்கும் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். இது தெரியாமல் எல்லா போல்ட்டையும் எடுத்துவிட்டு, ஹெட் வரவில்லை என்று கடப்பாரை போட்டு நெம்பி ஹெட்டை உடைத்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் மெக்கானிக்கிடம் "கார்புரேட்டருக்கு அடியில் ஒரு போல்ட் இருக்குமாமே?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். அவர் சிரித்தால் வேலையைக் கொடுக்கலாம். முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஹெட் வந்ததும் முதலில் பிளாக்கைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே இருப்பதால் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இரும்பு எந்நேரமும் சூட்டில் வேகும். வெடிப்பு வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வரும். கண்ணுக்குத் தெரியாது. பிளாக்கை முழுக்கக் காஸ்டிக் தொட்டியில் வேகவைத்து, வாட்டர் ஜாக்கெட்டில் ஐம்பது வருஷமாகச் சேர்ந்த சேற்றைக் குத்தி எடுத்து, பிறகு காற்று அழுத்தத்தில் தண்ணீருக்குள் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். நாமக்கல்லில் லாரி பிளாக்குகளுக்கு இதைச் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. குமிழ் வரவில்லையென்றால் பெட்ரோல் எஞ்சினுக்கு உயிர் உண்டு. கடைசிச் சிலிண்டருக்குப் பின்பக்கம் சேறு இறுகிக் கிடக்கும், அதை விட்டுவிட்டால் கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவில் முப்பதாவதிலேயே தண்ணீர் கொதிக்கும்.

பிறகு அளவு. சிலிண்டர் மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு, குறுக்கே ஒரு அளவு. ஐந்து தவ்வுக்கு (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் கூம்பாகவோ முட்டையாகவோ தேய்ந்திருந்தால் போரிங் போட்டு, அதாவது சிலிண்டரை அறுத்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போட வேண்டும். கம்பெனி போர் 3.125 அங்குலம். பழைய பிஸ்டனின் தலையில் 20, 30, 40 என்று எண் அடித்திருக்கிறதா பாருங்கள். தாத்தா காலத்திலேயே எத்தனை முறை போரிங் ஆனது என்று அது சொல்லும். நாற்பதையும் தாண்டித் தேய்ந்திருந்தால் சிலிண்டருக்குள் லைனர் என்ற குழாயை இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம், நல்ல லேத்காரர் வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் போரிங். பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்பச் சிலிண்டரை அறுப்பதுதான் முறை. அவசரக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்.

கிராங்குக்கு மெயின் பேரிங் மூன்றே மூன்று. ஸ்ட்ரோக் 111 மில்லிமீட்டர், போர் 79தான். நெட்டையான, ஒல்லியான எஞ்சின். கிராங்க் நடுவில் ஆடாமல் இருப்பது ரொம்ப முக்கியம். கிரைண்டிங் போட்டால் ஆயில் ஓட்டைகளின் வாயை உருட்டிவிடச் சொல்லுங்கள், கூர்மையாக விட்டால் புது பேரிங்கைச் சுரண்டும். ராடு பேரிங் இடைவெளி ஒன்றிலிருந்து இரண்டு தவ்வுக்குள். பிளாஸ்டிகேஜ் என்ற, அமுக்கி அளக்கும் இழையை வைத்து நீங்களே பார்க்கலாம், யாரையும் நம்ப வேண்டியதில்லை.

இன்னொரு பொறி ஆயில் பம்ப். அது பிளாக்குக்கு வெளியே பூட்டியிருக்கும், கேம்ஷாப்ட் சுழற்றும். டிஸ்ட்ரிப்யூட்டர் எதிர்ப்பக்கம் இருக்கிறது, ஆனால் அதைச் சுழற்றுவது இந்த ஆயில் பம்பின் தண்டுதான். பம்பைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டினால் டைமிங் போச்சு. புது எஞ்சின், எல்லாம் சரி, ஆனால் கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறது, யாருக்கும் காரணம் புரியவில்லை என்று என்னிடம் வந்த ஜீப்புகளில் பாதிக்கு இதுதான் நோய். முதல் சிலிண்டரின் பிஸ்டனை டாப்பில், அதாவது உச்சியில் நிறுத்தி, டிஸ்ட்ரிப்யூட்டரின் ரோட்டர் எங்கே பார்க்கிறது என்று கழற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. டைமிங் டாப்புக்கு 5 டிகிரி முன்னால்.

வால்வு கேப்பைக் குளிர்ந்த நிலையில் வையுங்கள்: இன்டேக் 18 தவ், எக்ஸாஸ்ட் 16 தவ். இன்டேக்கை மேலே ராக்கரில் சுலபமாக வைக்கலாம். எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கவாட்டு மூடியைத் திறந்து, மேனிஃபோல்டுக்கு அடியில் கையை நுழைத்து, இரண்டு ஸ்பானரும் ஒரு ஃபீலர் கேஜும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். இந்த வேலைக்காகவே மனிதனுக்கு மூன்றாவது கை முளைத்திருக்க வேண்டும். அதனாலேயே நிறையப் பேர் எக்ஸாஸ்ட்டை விட்டுவிடுவார்கள். எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் தேயத் தேயக் கேப் குறையும், அதிகமாகாது. கேப் இல்லாமல் போனால் வால்வு மூடாது, மூடாத வால்வு எரியும். சத்தம் வரவில்லையே, நல்லதுதானே என்று இருந்துவிடுவார்கள். சத்தமே இல்லாத எக்ஸாஸ்ட் வால்வுதான் ஆபத்து.

ரப்பர் சாமான்களில் கஞ்சத்தனம் வேண்டாம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். தாத்தா காலத்து ஹோஸும் ஃப்யூயல் பம்ப் டயாஃப்ரமும் அதில் ஊறிப் போகும். எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றுங்கள். டேங்க் உங்கள் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அங்கே ஒரு சொட்டுகூட ஒழுகக் கூடாது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், அதனால் மழைக்காலத்தில் மாசக்கணக்கில் டேங்கில் பெட்ரோலை நிறுத்தி வைக்காதீர்கள்.

எஞ்சின் பூட்டியதும் கோவிலுக்குப் போய் வந்து கொட்டகையில் ஐடிலில் ஒரு மணி நேரம் ஓடவிடுவார்கள். அது வேண்டாம். ரிங் உட்கார்வதற்குச் சுமை வேண்டும். ஸ்டார்ட் ஆகி ஆயில் பிரஷர் வந்து தண்ணீர் சூடானதும் ரோட்டுக்கு எடுத்துப் போங்கள். இரண்டாவது கியரில் மிதமாக மிதித்து, பிறகு காலை எடுத்து, திரும்ப மிதித்து என்று முப்பது கிலோமீட்டர். ஆறியதும் ஹெட் போல்ட்டின் இறுக்கத்தை ஒருமுறை டார்க் ரென்ச்சால் பார்க்க வேண்டும், அந்த மறைந்திருக்கும் போல்ட் உட்பட. ஆம், அதற்காகக் கார்புரேட்டரை இன்னொரு முறை கழற்றத்தான் வேண்டும்.

இப்போது பிளாக் வெடித்திருந்தால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். முதலில் எஞ்சின் தேட வேண்டாம், ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கும். ரினியூவலுக்குப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்தால் டீசல் தெரியும். அதைவிட மோசம், மலையில் ஆள் ஏற்றிப் போகும்போது ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான். "எல்லாரும்தான் ஓட்டுறாங்க" என்பது வழக்கில் எடுபடாது. அதே வகை ஹரிக்கேன் பிளாக் ஒன்று சென்னைப் புதுப்பேட்டையிலோ டெல்லி காஷ்மீரி கேட்டிலோ பில்லோடு கிடைத்தால் பாதித் தலைவலி தீரும், எஞ்சின் நம்பர் மாற்றத்தைப் பதிவது மட்டும்தான் மிச்சம். பில் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். அது எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்று உங்களுக்குத் தெரியாது.

அனுமதி எழுத்தில் கிடைத்துவிட்டது, டீசல்தான் என்று முடிவானால் எம்டிஐ 3200. 2523 சிசி, டைரக்ட் இன்ஜெக்ஷன், ஹீட்டர் பிளக் தொந்தரவு இல்லை. பொலீரோ, மேஜர் என்று மகிந்திராவின் எத்தனையோ வண்டிகளில் வந்ததால் கடைக்குக் கடை சாமான் கிடைக்கும். பூஜோ எஞ்சின் மென்மையாக ஓடும், எனக்கும் பிடிக்கும், ஆனால் மலையில் உட்கார்ந்துகொண்டு அதற்கு இன்று சாமான் தேடுவது உங்களுக்கு வேலையாகிவிடும். வாங்கும் எஞ்சினையும் திறந்து அளந்த பிறகே பூட்டுங்கள். மேலே சொன்ன பிளாக் சோதனை, போரிங் கணக்கு எல்லாம் அதற்கும் பொருந்தும், கூடவே இன்ஜெக்ஷன் பம்பையும் நாசிலையும் காலிபரேஷனுக்கு அனுப்ப வேண்டும்.

ஆனால் எஞ்சினை இறக்குவது இதில் சின்ன வேலை. உங்கள் பழைய டி-90 கியர்பாக்ஸ் மூன்று கியர், ஃபர்ஸ்ட்டில் சிங்க்ரோமெஷ்கூட இல்லாதது. டீசலின் குத்தலை அது எவ்வளவு நாள் தாங்கும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. அதை வைத்துக்கொள்வதென்றால் அடாப்டர் பிளேட் அறுக்க வேண்டும். பெல் ஹவுசிங்கின் நடுவும் கிராங்கின் நடுவும் ஐந்து தவ்வுக்குள் ஒன்றாக இருக்க வேண்டும், பிளைவீலில் டயல் கேஜ் கட்டிச் சுழற்றிப் பார்த்தால்தான் தெரியும். இதைப் பார்க்காமல் போல்ட் ஓட்டை சேர்ந்தால் போதும் என்று பூட்டினால் ஆறு மாதத்தில் கியர்பாக்ஸின் முன் பேரிங் ஊளையிடும், கிளட்ச் ஒட்டும், கியர் டாப்பிலிருந்து தானாக வெளியே குதிக்கும்.

டீசலோடு வந்த ஐந்து கியர் பெட்டியையே சேர்த்துப் போட்டுவிடலாமே என்பார்கள். கேட்க நன்றாயிருக்கும். உங்கள் சிஜே 3பியின் வீல்பேஸ் 80 அங்குலம்தான். நீளமான பெட்டி வந்தால் பின் பிரொப்பெல்லர் ஷாப்ட் முழத்துக்கும் குறைவாகிக் கோணம் செங்குத்தாகும், யுனிவர்சல் ஜாயின்ட் மாதம் ஒன்று கேட்கும். எம்எம் 540க்கு 91 அங்குலம், அதில் செல்லும். பொலீரோ, மேஜரில் பெரும்பாலானவை டூ வீல் டிரைவ், அந்தப் பெட்டியில் ஃபோர் வீலுக்கு வழியே இருக்காது. உங்களிடம் இருக்கும் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, ஒரு பொக்கிஷம். லோவில் 2.46. ஃபர்ஸ்ட் கியர் 2.8, கிரவுன் பினியன் 5.38, எல்லாம் பெருக்கினால் 37. எஞ்சின் 800 ஆர்பிஎம்மில் வண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாக ஊரும், பக்கத்தில் ஆள் நடந்தே முந்திவிடலாம். மிளகு மூட்டையோடு வழுக்குப் பாதையில் இறங்க உங்களுக்கு வேண்டியது இதுதான். இந்தச் சக்தியை எஞ்சின் கொடுப்பதில்லை, பல் கொடுக்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டீசலுக்கு ரிட்டர்ன் லைன் வேண்டும், டேங்கில் இன்னொரு ஓட்டை. பெட்ரோல் ஓடிய டேங்கில் வெல்டிங் வைக்க வேண்டாம், காலி டேங்க்தான் வெடிக்கும். புதிதாகச் செய்துகொள்ளுங்கள். பேட்டரி பெரிதாக வேண்டும், சேசிஸிலிருந்து எஞ்சினுக்குத் தடிமனான எர்த் வேண்டும். வைப்பர் வாக்கூமில் ஓடினால் டீசலில் ஓடாது. முன்பக்கம் எடை கூடும், பட்டை ஒன்று சேர்க்க வேண்டும், ஆனால் அதிகம் சேர்த்தால் முதுகெலும்பு போய்விடும். கிளட்ச் மிதிக்கும்போது எஞ்சின் முன்னால் நகராமல் பிடிக்க ஒரு கம்பி இருக்கும், பழையதைக் கழற்றும்போது தூக்கி எறிந்துவிடுவார்கள், பிறகு கிளட்ச் ஏன் அதிர்கிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். சம்புக்கும் முன் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியைப் பட்டை முழுக்க அமுங்கிய நிலையில் அளக்க வேண்டும். ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் வைத்து, பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும்வரை தூக்கி, அப்போது ஒரு விரலாவது நுழைகிறதா என்று பாருங்கள். நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

வேகம் போதவில்லை என்று கிரவுன் பினியனை மாற்ற நினைத்தால் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோவாக இருக்க வேண்டும். பின்னால் மட்டும் 4.88 போட்டு முன்னால் 5.38ஐ விட்டுவிட்டு ஃபோர் வீல் போட்டவர்கள் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடைந்த பிறகுதான் பல்லை எண்ணினார்கள். 4.88க்கு இரண்டையும் மாற்றினாலும் 3200 ஆர்பிஎம்மில் 78 என்பது 86 ஆகும், அவ்வளவே. லோ ரேஷியோவிலும் அதே அளவு இழுவை குறையும்.

ஸ்கார்பியோ எஞ்சினைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. அது கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் டீசல் எஞ்சின், தனியாக வராது. இசியூ என்ற அந்தக் கம்ப்யூட்டர், வயரிங் ஹார்னஸ், ஆக்சிலரேட்டர் சென்சார், சாவியின் இம்மொபிலைசர், இன்டர்கூலர் என்று பரிவாரத்தோடு வரும். செம்மேட்டில் மழையில் ஒரு சென்சார் நனைந்து நின்றுவிட்டால் ஸ்கேனர் வைத்திருப்பவர் மலையேறி வர வேண்டும். எல்லாம் சரியாக ஓடினாலும் நூறு குதிரையை நிறுத்த உங்களிடம் இருப்பது ஒன்பது அங்குல டிரம் பிரேக். 70 வளைவும் இறக்கம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பிரேக் என்றதும் ஒன்று. எந்த எஞ்சின் போட்டாலும், எஞ்சினுக்குக் கை வைக்கும் முன் நான்கு டிரம்மையும் கழற்றி வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் பைப் எல்லாவற்றையும் புதிதாக்கிவிடுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு யாருக்கும் பிரேக் வேலைக்குப் பொறுமை இருக்காது.

இந்த வாரம் பிளக்கைக் கழற்றி டீசலை ஊற்றுங்கள். ஹெட்டைத் திறந்ததும் சிலிண்டர் சுவர், நான்கு எக்ஸாஸ்ட் சீட், பிஸ்டன் தலையில் உள்ள எண், மூன்றையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள். போரிங்கா லைனரா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.